மகுடமும் மண்ணாசையும் – 14: போகாத ஊருக்கு ராஜா

சென்ற இதழை மெக்ஸிகோவில் முடித்திருந்தோம். 1867 ஜூன் 19 அன்று கெரெதாரோ நகருக்கு வெளியே ஒரு குன்றின்மேல், அந்நாட்டுக்குப் பேரரசராகப் போன மாக்ஸிமிலியனை நிற்க வைத்துச் சுட்டார்கள். கணவனைக் காப்பாற்றச் சொல்லி ஐரோப்பாவின் அரண்மனை வாசல்களில் ஏறி இறங்கிய சார்லட்டுக்கு அதற்கு முன்பே புத்தி பேதலித்துவிட்டது. பிறந்த நாடான பெல்ஜியத்துக்கே அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு கோட்டைக்குள் ஊர் உலகம் தெரியாமல் 1927 வரை உயிரோடு இருந்தார்.

அயல்மண்ணில் சாம்ராஜ்யம் தேடிப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொந்தத் தங்கையின் வாழ்க்கையிலேயே பார்த்தவர் சார்லட்டின் அண்ணன். வேறு யாராக இருந்தாலும் அந்த ஆசையையே விட்டிருப்பார்கள். இவர் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. சாம்ராஜ்யம் கட்டாயம் வேண்டும், ஆனால் நாம் நேரில் போகக் கூடாது.

பெல்ஜியத்தின் இரண்டாம் லியோபோல்ட். 1835-ல் பிறந்தவர், 1865-ல் அரியணை ஏறியவர். கிடைத்த நாடோ தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்கு. அதுவும் 1830-ல்தான் தனி நாடானது. கஜானாச் சாவி நாடாளுமன்றத்தின் இடுப்பில். அரசர் கையெழுத்துப் போடலாம், கொடி அசைக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஹாலந்து, ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகப் பணம் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பட்டத்து இளவரசராக இருந்த காலத்திலேயே கிரேக்க நாட்டுக்குப் போய்த் திரும்பியவர், அக்ரோபோலிஸ் இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்த ஒரு பளிங்குத் துண்டை நிதியமைச்சருக்குப் பரிசாகக் கொடுத்தார். பெல்ஜியத்துக்கு ஒரு காலனி வேண்டும் என்று அதில் பொறித்திருந்தது. ஆண்டு 1860. நிதியமைச்சர் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். காலனி பற்றி மூச்சு விடவில்லை.

லியோபோல்ட் சும்மா கனவு கண்டவர் அல்லர். இதைப் பாடமாகவே படித்தார். 1862-ல் ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போய், தென் அமெரிக்கக் காலனிகளிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த வருமானத்தைப் பழைய ஆவணங்களில் தேடினார். 1864-65-ல் இலங்கை, இந்தியா, பர்மா, கிழக்கிந்தியத் தீவுகள் என்று சுற்றினார். சுற்றுலாவுக்கு வந்த இளவரசர் கோயில் குளம் பார்ப்பார். இவர் பார்த்தது வரவு செலவு. இந்தியாவில் வழக்கறிஞராக இருந்த மணி என்ற ஆங்கிலேயர், ஜாவாவை டச்சுக்காரர்கள் எப்படி நிர்வகித்து லாபம் எடுக்கிறார்கள் என்று 1861-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதை லியோபோல்ட் விழுந்து விழுந்து படித்தார். ஜாவாவின் ரகசியம் கட்டாய உழைப்புதான் என்பது அவருக்குப் பளிச்சென்று விளங்கியது.

பிறகு விலை கேட்கத் தொடங்கினார். ஸ்பெயினிடம் பிலிப்பைன்ஸைக் கேட்டார், கிடைக்கவில்லை. அர்ஜென்டினாவில் ஒரு மாகாணம், பசிபிக்கில் ஃபிஜி என்று மனம் எங்கெங்கோ அலைந்தது. ஒன்றும் படியவில்லை. மிச்சம் இருந்தது ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி. ஐரோப்பிய வரைபடங்களில் அன்று அது பெரும்பாலும் வெற்றிடம்.

1876 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் அரண்மனையில் ஒரு மாநாடு நடந்தது. புகழ்பெற்ற பயணிகள், புவியியல் அறிஞர்கள், கொடையாளர்கள் எல்லோரும் விருந்தாளிகள். லியோபோல்ட் பேசியது அடிமை வியாபாரத்தை ஒழிப்பது பற்றி, அறிவியல் பற்றி, நாகரிகம் பற்றி. பெல்ஜியத்துக்கு இதில் ஒரு லாப நோக்கமும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். மாநாட்டின் முடிவில் சர்வதேச ஆப்பிரிக்கச் சங்கம் பிறந்தது. தலைவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு லண்டனில் இருந்த தன் தூதருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இன்னும் வெளிப்படையாக இருந்தார். இந்த அருமையான ஆப்பிரிக்கக் கேக்கில் நமக்கு ஒரு துண்டு கிடைக்கும் வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பது அதன் சாரம்.

துண்டை வெட்டித் தரக் கத்தி ஒன்று தேவைப்பட்டது. புகழ்பெற்ற பயணி ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி 1877 ஆகஸ்டில், ஆப்பிரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து காங்கோ நதியின் முகத்துவாரத்தில் உள்ள போமாவை வந்தடைந்தார். ஏறத்தாழ 1,000 நாள் பயணம். பிரிட்டன் அவரை மெச்சிக்கொண்டதே தவிர அந்த நிலத்தின்மீது அக்கறை காட்டவில்லை. லியோபோல்டின் ஆட்கள் 1878 தொடக்கத்தில் மார்செய் ரயில் நிலையத்திலேயே ஸ்டான்லியை மடக்கினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் பேசி முடித்தார்கள்.

இடையே ஒரு கிளைக்கதை. அதே சமயத்தில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்தும் ஓர் அணியை அனுப்ப லியோபோல்ட் விரும்பினார். 1879-ல் இந்தியாவிலிருந்து நான்கு யானைகளைப் பாகன்களோடு கப்பலில் ஏற்றி, இன்றைய தான்சானியாவின் கரையில் இறக்கினார்கள். சுமை தூக்கும், வழி உண்டாக்கும் என்பது எதிர்பார்ப்பு. யானைகள் நடக்க முன்கூட்டியே ஆட்கள் போய்க் காட்டை வெட்டி வழி உண்டாக்க வேண்டியிருந்தது! ஒன்றன்பின் ஒன்றாக எல்லா யானைகளும் செத்தன. லியோபோல்டின் திட்டங்களில் சிரிக்க முடிந்தது இது ஒன்றுதான். இதிலும் யானைகளை நினைத்தால் சிரிப்பு வராது.

ஸ்டான்லி மேற்குக் கரையில் பாறைகளை உடைத்துச் சாலை போட்டார். ‘புலா மத்தாரி’, பாறை உடைப்பவர், என்று அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். நீராவிப் படகுகளைக் கழற்றிச் சுமந்துபோய் அருவிகளுக்கு அப்பால் நதியில் மிதக்கவிட்டார். போகும் வழியெல்லாம் ஊர்த்தலைவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். நூற்றுக்கணக்கில் சேர்ந்தன அந்தக் காகிதங்கள். 1884 ஏப்ரல் 1-ல் கொம்பி, மஃபெலா ஊர்த்தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். மாதம் ஒருவருக்கு ஒரு துணி. அதற்குப் பதிலாக நிலத்தின் ஆளுரிமை, சாலை, சுங்கம், வேட்டை, மீன், காடு எல்லாம் சங்கத்துக்கு, என்றென்றைக்கும். சங்கம் கேட்கும்போது வேலைக்கு ஆளும் அனுப்ப வேண்டும். எழுத்தே புழங்காத ஊரில், யாரும் கேட்டிராத மொழியில் எழுதிய பத்திரத்தில் அவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். நட்புக்கு அடையாளமாக நினைத்துப் போட்டிருப்பார்கள். நிலத்தை விற்கலாம் என்பதே அவர்களில் பலருக்குப் புதிய செய்தி.

இந்தக் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு லியோபோல்ட் ஆடிய ராஜதந்திர ஆட்டத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் அமெரிக்கா. பிரஸ்ஸல்ஸில் முன்பு தூதராக இருந்த சான்ஃபோர்டை வாஷிங்டனுக்கு அனுப்பினார். விடுதலை பெற்ற கறுப்பர்களின் கூட்டரசு ஒன்று அங்கே உருவாகப் போகிறது என்ற தோரணையில் பேச்சு நடந்தது. 1884 ஏப்ரல் 22-ல் அமெரிக்கா அங்கீகாரம் கொடுத்தது. அடுத்து பிரான்ஸ். என் முயற்சி தோற்றால் வாங்கும் முதல் உரிமை உங்களுக்கே என்றார். பிரிட்டனிடம், எனக்குத் தராவிட்டால் பிரான்ஸ்காரன் வந்துவிடுவான் என்றார். ஜெர்மனியின் பிஸ்மார்க் மட்டும் ஆளை எடைபோட்டுவிட்டார். லியோபோல்டின் கோரிக்கைக் கடித ஓரத்தில் அவர் எழுதிவைத்த சொல், மோசடி. ஆனாலும் பிரான்ஸிடமோ பிரிட்டனிடமோ போவதைவிட இந்தச் சின்ன ராஜாவிடம் இருப்பது மேல் என்று அவரும் தலையாட்டினார். 1884 நவம்பர் 15 முதல் 1885 பிப்ரவரி 26 வரை நடந்த பெர்லின் மாநாடு முடிந்தபோது காங்கோ லியோபோல்டின் கையில். மாநாட்டு மேசையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. லியோபோல்டே பெர்லினுக்குப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

23 லட்சம் சதுர கிலோமீட்டர். பெல்ஜியத்தைப் போல 76 மடங்கு. பெல்ஜிய நாட்டின் காலனி அல்ல அது. ஒரு தனி மனிதரின் சொத்து. 1885-ல் அதற்கு வைத்த பெயர் காங்கோ சுதந்திர நாடு.

*

சொத்து கிடைத்ததே தவிர முதல் சில ஆண்டுகள் வெறும் செலவு. யானைத் தந்தம் கொஞ்சம் வந்தது. 1890-ல் ஒரு நீராவிப் படகில் வேலைக்குப் போன போலந்து மாலுமி ஒருவர் அந்தத் தந்த வேட்டையைப் பார்த்துவிட்டு வந்து, பின்னாளில் ஜோசப் கான்ராட் என்ற பெயரில் ‘இருளின் இதயம்’ எழுதினார். அரசரோ கடன்மேல் கடன் வாங்கினார். காங்கோவைப் பெல்ஜியத்துக்கே உயில் எழுதி வைப்பதாகச் சொல்லி, 1890-ல் நாடாளுமன்றத்திடமே இரண்டரைக் கோடி ஃபிராங்க் வட்டியில்லாக் கடன் பெற்றார். அடிமை ஒழிப்பு மாநாட்டைத் தன் ஊரிலேயே நடத்தி, அந்தச் செலவுக்கென்று இறக்குமதி வரி போடும் உரிமையையும் வாங்கிக்கொண்டார்.

அவரைக் கரையேற்றியது ஒரு சைக்கிள் டயர். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் சைக்கிள் மோகம், அதன் பின்னால் மோட்டார் கார், மின் கம்பிகளுக்கு உறை. உலகம் முழுக்க ரப்பர் ரப்பர் என்று ஒரே பேச்சு. காங்கோக் காடுகளில் ரப்பர் விதைக்காமலே வளர்ந்து கிடந்தது.

கன்னியாகுமரிப் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டுவதைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்துவிட வேண்டும். காங்கோவில் இருந்தது மரமல்ல, கொடி. பெரிய மரங்களைச் சுற்றிக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறும். வெயில் தேடிப் பல மரம் தாவும். அடியில் பால் வற்றிவிட்டால் மேலே ஏறி வெட்ட வேண்டும். விழுந்து செத்தவர்கள் உண்டு. ஊருக்குப் பக்கத்துக் கொடிகள் தீர்ந்ததும் இரண்டு நாள், மூன்று நாள் நடந்து சதுப்புக் காட்டுக்குள் போக வேண்டும். வடியும் பாலைச் சிலர் தங்கள் உடம்பிலேயே பூசிக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு உரிக்கும்போது மயிரும் தோலும் சேர்ந்து வரும். இந்த வேலையைக் கூலிக்குக்கூட யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள். லியோபோல்டுக்குக் கூலி கொடுக்கும் உத்தேசமும் இல்லை. பொறுமையும் இல்லை. இலங்கையிலும் மலாயாவிலும் ரப்பர் மரக் கன்றுகளை நட ஆரம்பித்திருந்தார்கள். நம்மவர்களின் வியர்வையில் அந்தத் தோட்டங்கள் பால் தரத் தொடங்கினால் விலை விழுந்துவிடும். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு உறிஞ்சிவிட வேண்டும்.

குடியிருப்பும் பயிரும் இல்லாத நிலமெல்லாம் அரசின் நிலம் என்று 1885-லேயே ஆணை போட்டாயிற்று. அந்த நிலத்தில் விளையும் ரப்பரும் தந்தமும் அரசுக்கே என்று அடுத்த ஆணைகள் சொல்லின. காட்டைத் துண்டு போட்டுக் கம்பெனிகளுக்குக் குத்தகை விட்டார். கம்பெனிகளிலும் அரசருக்குப் பங்கு. இதில் பேர்போனது ‘அபிர்’ என்ற கம்பெனி. ஒரு கிலோ ரப்பரைக் காட்டிலிருந்து எடுத்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்க அதற்கு ஆன செலவு 1.35 ஃபிராங்க். விற்றது 10 ஃபிராங்க் வரை.

எப்படி முடிந்தது? ஊருக்கு இத்தனை ஆண், ஆளுக்குப் பதினைந்து நாளைக்கு மூன்று நான்கு கிலோ காய்ந்த ரப்பர் என்று கணக்கு எழுதிவிடுவார்கள். ஆண்கள் காட்டுக்குப் போய்த் திரும்பும்வரை பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக் கொட்டடியில் அடைத்து வைப்பார்கள். ரப்பர் வந்தால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம். கொட்டடியில் பட்டினியாலும் நோயாலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அளவு குறைந்தால் சவுக்கடி. நீர்யானைத் தோலைக் காயவைத்து, ஓரம் கத்திபோல இருக்கும்படி முறுக்கிய சவுக்கு அது. 100 அடி விழுந்தால் பிழைப்பது அரிது. ஊர் முழுவதும் மறுத்தால் ஃபோர்ஸ் பப்ளிக் வரும். லியோபோல்டின் சொந்தப் படை. அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்கள் ஆப்பிரிக்கர், அவர்களிலும் பலர் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். உச்சத்தில் 19,000 பேர் வரை இருந்தார்கள்.

தோட்டா ஐரோப்பாவிலிருந்து காசு கொடுத்து வாங்கி வருவது. சிப்பாய்கள் அதை வேட்டைக்குச் செலவழித்துவிடக் கூடாது, கலகத்துக்குப் பதுக்கிவிடக் கூடாது. ஆகவே சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். செத்தவரின் வலது கை ஒன்று. அதிகாரி இருக்கும் இடம் தூரம் என்றால் கை அழுகிவிடாமல் புகையில் வாட்டி எடுத்துப் போவார்கள். குறி தவறினாலோ குரங்கைச் சுட்டிருந்தாலோ கணக்கு இடிக்கும்; அப்போது உயிரோடு இருப்பவரின் கையை வெட்டி நேர்செய்தார்கள். கையை வெட்டு என்று பிரஸ்ஸல்ஸிலிருந்து யாரும் உத்தரவு அனுப்பவேண்டிய தேவையே இருக்கவில்லை. அதிகாரிகளின் சம்பளம் சொற்பம், வசூலுக்குத் தகுந்த ஊக்கத்தொகை தாராளம். மிச்சத்தை அந்த ஏற்பாடே பார்த்துக்கொண்டது. காங்கோவின் கொடுமை வெறிபிடித்த சில அதிகாரிகளின் வேலை என்று பின்னாளில் வாதாடியவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வெறியர்கள் இருந்தார்கள்தான். அவர்கள் இல்லாமலும் இது நடந்திருக்கும்.

யாருமே சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க வரலாற்றாசிரியர் 1890-லேயே காங்கோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டான்லி அருவியிலிருந்து லியோபோல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அமெரிக்க வெளியுறவு அமைச்சருக்கு எழுதியதில் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்றே குறிப்பிட்டார். அந்தத் தொடர் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் ஒலிக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஊர் திரும்பும் முன்பே, 1891-ல், இங்கிலாந்தில் வில்லியம்ஸ் இறந்துபோனார். வயது 41. வில்லியம் ஷெப்பர்ட் என்ற கறுப்பின மதபோதகர் 1899-ல் ஒரு முகாமுக்குள் நுழைந்து, நெருப்பின்மேல் வாட்டிக்கொண்டிருந்த கைகளை எண்ணினார். 81. இதையெல்லாம் ஐரோப்பா ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டது. கறுப்பர்களும் பாதிரிகளும் சொல்வதற்கு அன்றிருந்த மதிப்பு அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் அடிமை ஒழிப்புக்கு மாநாடு நடத்திய மன்னர் அல்லவா!

*

அவரை மாட்டிவிட்டது ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா.

எட்மண்ட் டீன் மோரெல் 1873-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா ஆங்கிலேயர். லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் கம்பெனியில் வேலை. காங்கோவுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் இடையே சரக்கு ஏற்றும் ஒப்பந்தம் அந்தக் கம்பெனியிடம் இருந்தது. பிரெஞ்சு தெரியும் என்பதால் கணக்குப் பார்க்க அவரை அடிக்கடி பெல்ஜியத்துக்கு அனுப்புவார்கள். 1890-களின் கடைசியில், ஆண்ட்வெர்ப்பில் சரக்குப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு மூன்று விஷயங்கள் உறுத்தின.

கப்பல் கொண்டுவந்து இறக்கும் ரப்பரும் தந்தமும் காங்கோ அரசு வெளியிடும் புள்ளிவிவரத்தைவிட மிக அதிகம். இடையில் உள்ள லாபம் யாருடைய பைக்கோ போகிறது. அடுத்து, காங்கோவுக்குப் போகும் சரக்கில் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள், பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள். வியாபாரத்துக்குத் தோட்டா எதற்கு? மூன்றாவதுதான் ஆணிவேர். வந்து இறங்கும் சரக்குக்கு ஈடாக அங்கே போவது என்ன என்று பார்த்தார். துணி, பாத்திரம், உப்பு, பணம் என்று கொடுத்து வாங்குவதற்கான எதுவும் அந்த அளவுக்குப் போகவில்லை. போனதில் பெரும்பகுதி வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத சாமான். கோடிக்கணக்கான ஃபிராங்க் பெறுமான ரப்பர் வருகிறது, விலையாக ஒன்றும் போகவில்லை. அப்படியானால் அந்த ரப்பரை எடுப்பவர்கள் யார்? ஏன் எடுக்கிறார்கள்?

ஒரு வெட்டுப்பட்ட கையைக்கூடப் பார்க்காமல், காங்கோவில் கால் வைக்காமல், பேரேட்டை மட்டும் படித்து அடிமைமுறையைக் கண்டுபிடித்தார் மோரெல். இந்தத் தொடரில் எத்தனையோ போர்க்களங்களைப் பார்த்திருக்கிறோம். ஒரு கொலைகாரனைப் பிடிக்க இதைவிடக் கூர்மையான ஆயுதத்தை நான் பார்த்ததில்லை. வரைபடத்தையும் பத்திரத்தையும் கணக்கையும் வைத்தே, இருந்த இடத்திலிருந்து நகராமல் ஒரு தேசத்தைச் சூறையாடியவரை, அதே வகைக் காகிதங்கள்தான் காட்டிக்கொடுத்தன.

முதலாளி ஆல்ஃபிரட் ஜோன்ஸிடம் போய்ச் சொன்னார். அவரே லிவர்பூலில் காங்கோ அரசின் கௌரவத் தூதர்! மோரெலுக்குச் சம்பள உயர்வு, வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டினார்கள். 1901-ல் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். வயது 28. சொந்தமாகப் பத்திரிகை தொடங்கி வாராவாரம் எழுதினார். 1903 மே மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. போமாவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த அயர்லாந்துக்காரர் ரோஜர் கேஸ்மென்ட்டை உள்நாட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அரசாங்கப் படகில் போனால் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று, அமெரிக்கப் பாதிரிகளிடம் ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார் கேஸ்மென்ட். 1904 தொடக்கத்தில் அவருடைய அறிக்கை வெளியானது. பெல்ஜியம் மனம் கோணக் கூடாது என்று வெளியுறவு அலுவலகம் ஊர் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டிருந்தது. கேஸ்மென்ட் கொதித்துப்போனார். அந்த மார்ச்சில் மோரெல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்.

1904 மே 14 அன்று பரிங்கா என்ற ஊரில், ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. இன்சாலா என்ற மனிதர் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தரையில் ஒரு குழந்தையின் கையும் பாதமும். அவருடைய ஐந்து வயது மகளுடையவை. அபிர் கம்பெனியின் காவல்காரர்கள் அவளைக் கொன்ற பிறகு மிஞ்சியது அவ்வளவுதான். அதை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு மிஷன் வீட்டுக்கு நடந்து வந்திருந்தார். இந்தப் படங்களைக் கண்ணாடி வில்லைகளாக்கி, விளக்கு வைத்துத் திரையில் காட்டி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள் ஹாரிஸ் தம்பதியர். மார்க் ட்வெய்ன் 1905-ல் லியோபோல்டையே பேசவிட்டு ஓர் அங்கதம் எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் 1909-ல் காங்கோவின் குற்றம் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

லியோபோல்ட் சளைக்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் படியளக்கத் தனி அலுவலகம் வைத்தார். அமெரிக்க அரசியல்வாதிகளைச் சரிக்கட்ட சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கறிஞர் கோவால்ஸ்கியை நியமித்தார். அந்த ஆள் சரிப்பட்டு வரமாட்டார் என்று கழற்றிவிட்டபோது, அவர் கையிலிருந்த கடிதங்கள் எல்லாம் ஹெர்ஸ்டின் பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தன. 1906 டிசம்பரில் அரசரின் லஞ்சக் கதை நியூயார்க்கில் முதல் பக்கத்தில் வந்தது. அதைவிடப் பெரிய சறுக்கல் அவரே நியமித்த விசாரணைக் கமிஷன். மூன்று நீதிபதிகள், எல்லாவற்றையும் மெழுகி மூடிவிடுவார்கள் என்பது கணக்கு. அவர்களோ காங்கோவுக்குப் போய் 370 பேரிடம் சாட்சியம் பதிவுசெய்தார்கள். பொலிமா ஊர்த்தலைவர் லொன்துலு 110 குச்சிகளைக் கொண்டுவந்து நீதிபதிகளின் மேசையில் வைத்தார். ரப்பருக்காகக் கொல்லப்பட்ட தன் ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு குச்சி. ஒவ்வொன்றாக வைத்துப் பெயர் சொன்னார். நீதிபதிகளில் ஒருவர் சாட்சியங்களைக் கேட்டு அழுதார். அவர்கள் கண்டதை அறிந்த காங்கோவின் தற்காலிகக் கவர்னர் ஜெனரல், 1905 மார்ச்சில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார்.

இனி வைத்திருக்க முடியாது என்று தெரிந்ததும் லியோபோல்ட் காங்கோவைக் கைமாற்றினார். சும்மா இல்லை, விலைக்கு. காங்கோவின் 11 கோடி ஃபிராங்க் கடனைப் பெல்ஜிய அரசு ஏற்றுக்கொண்டது. பாதியில் நின்ற அவருடைய அரண்மனைக் கட்டட வேலைகளுக்கு நாலரைக் கோடி ஃபிராங்குக்கு மேல். காங்கோவுக்காக அவர் செய்த மாபெரும் தியாகங்களுக்கு நன்றியாக இன்னுமொரு 5 கோடி. கடைசியில் உள்ள இந்தத் தொகை பெல்ஜியர்களின் வரிப்பணத்திலிருந்து வராது. காங்கோவிலிருந்தே வசூலிக்கப்படும் என்று ஏற்பாடு. 1908 நவம்பர் 15-ல் கைமாற்றம் நடந்தது.

அதற்கு முன்னால், ஆகஸ்டில், பிரஸ்ஸல்ஸில் காங்கோ அரசின் அலுவலக உலைகள் எட்டு நாள் எரிந்தன. கோடைகாலம் அது. எரிந்தவை ஆவணங்கள். 23 ஆண்டு நிர்வாகத்தின் கோப்புகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. காங்கோவை அவர்களுக்குக் கொடுக்கிறேன், அங்கே நான் என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைக் கொடுக்கமாட்டேன் என்று தன் உதவியாளரிடம் அரசர் சொன்னாராம்.

1909 டிசம்பர் 17-ல் லியோபோல்ட் இறந்தார். சாவதற்குச் சில நாள் முன்புதான், 16 வயதில் அவரிடம் வந்து சேர்ந்த கரோலினைத் தேவாலய முறைப்படி மணந்திருந்தார். பெற்ற மகள்களுக்குச் சொத்துப் போகக் கூடாது என்று கோடிகளை ஜெர்மனியில் ஓர் அறக்கட்டளைக்குள் ஒளித்து வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. சவ ஊர்வலத்தில் சனங்கள் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். அது காங்கோவுக்காக அல்ல, கரோலினுக்காக.

எத்தனை பேர் செத்தார்கள்? அவர் ஆண்ட காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே கிடையாது. சுட்டும் அடித்தும் கொன்றதைவிட பட்டினியும் தூக்க நோயும் அம்மையும் அதிகம் கொன்றன. காட்டுக்கும் கொட்டடிக்கும் துரத்தப்பட்ட மக்களிடம் நோயைத் தாங்கும் தெம்பு இருக்கவில்லை. வெள்ளையர் ஆட்சி தொடங்கியதிலிருந்து மக்கள்தொகை பாதியாகிவிட்டது என்று 1919-ல் பெல்ஜிய அரசின் கமிஷனே மதிப்பிட்டது. ஒரு கோடி என்ற எண் அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்லப்படுவது. அதை மறுத்துக் குறைத்துச் சொல்லும் ஆய்வாளர்களும் லட்சங்களில்தான் பேசுகிறார்கள்.

மாட்டிவிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அரசு கேஸ்மென்ட்டுக்கு சர் பட்டம் கொடுத்தது. அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியிடம் ஆயுதம் கேட்டுப்போன குற்றத்துக்காக, 1916 ஆகஸ்ட் 3-ல் லண்டன் பென்டன்வில் சிறையில் அதே அரசு அவரைத் தூக்கிலிட்டது. முதல் உலகப் போரை எதிர்த்த மோரெல் 1917-ல் அதே பென்டன்வில்லில் கைதியானார். வெளியே வந்து 1922 தேர்தலில் டண்டீ தொகுதியில் வின்ஸ்டன் சர்ச்சிலைத் தோற்கடித்தார். முழுக்கப் புனிதராக்கிவிடவும் முடியாது. ஜெர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி 1920-ல் அவர் எழுதியவை அப்பட்டமான நிறவெறி. காங்கோக்காரர்களுக்காகப் பத்தாண்டு போராடிய கைதான் அதையும் எழுதியது.

லியோபோல்டை எந்த நீதிமன்றமும் விசாரித்ததில்லை. பெல்ஜியப் பாடப்புத்தகங்களில் அவர் நாகரிகம் பரப்பிய மகாராஜாவாகவே வெகுகாலம் இருந்தார். 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெல்ஜியத் தூதராக இருந்த ஜூல் மர்ஷால், ஒரு லைபீரியப் பத்திரிகையில் ஒரு கோடிச் சாவு என்று படித்துத் திடுக்கிட்டார். அவதூறு, மறுப்பு எழுதவேண்டும் என்று ஆதாரம் தேடினார். அந்த 370 சாட்சியங்கள் அவருடைய வெளியுறவு அமைச்சகத்தின் காப்பகத்திலேயே பத்திரமாக இருந்தன. பெல்ஜியத்தின் நற்பெயருக்குக் கேடு தரும் ஆவணங்களை ஆய்வாளர்களுக்குக் காட்டக் கூடாது என்பது விதி. தூதருக்கே காட்டவில்லை. மறுப்பு எழுதப் புறப்பட்டவர், ஓய்வுபெற்ற பிறகு காங்கோவின் கொடுமைகளைத் தொகுதி தொகுதியாக எழுதி முடித்தார்.

1960 ஜூன் 30. லியோபோல்ட்வில் நகரத்தில் காங்கோவின் சுதந்திர விழா. லியோபோல்டின் தம்பி வழிப் பேரனின் மகன், மன்னர் போதுவான், எழுந்து பேசினார். இந்தச் சுதந்திரம் இரண்டாம் லியோபோல்டின் மேதைமையில் உதித்த பணியின் நிறைவு என்றார். நிகழ்ச்சிநிரலில் பெயரே இல்லாத முப்பத்துநான்கு வயதுப் பிரதமர் ஒருவர் அப்போது தன் குறிப்புகளை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கியை நோக்கி நடந்தார். பத்ரிஸ் லுமும்பா அன்று பேசியதையும், ஏழு மாதம் முடிவதற்குள் அவருக்கு நேர்ந்ததையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)